ஃபோட்டிஸ் அடித்த பந்து

கோர்ஃபூ, 12 பிப்ரவரி 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை அஸ்பசியா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நல்ல சுகம். என் வீட்டுக்காரர் மெனெலாஸின் முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. மெல்பர்னில் நீயும் நோரீன் அண்ணியும் சுகம்தானே? போன மாதம் உன் பெயர்நாளான திருமுழுக்குத் திருநாளன்று பாதிரியார் துறைமுகத்துக் கடலில் சிலுவையை எறிந்தார். அதை எடுக்கக் குளிரில் குதித்த இளவட்டங்களுக்குப் பல் தந்தியடித்தது. அந்தக் கூட்டத்தில் மூன்று பேர் என்னிடம் வந்து, "ஃபோட்டிஸ் இந்த வருஷமாவது வர்றானா?" என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் கலிரோய் படகுக்கு வார்னிஷ் அடித்தாயிற்று. போன வருஷம் மாதிரியே ஓட்டுவது நான், சமைப்பது மெனெலாஸ். கடல் லேசாக ஆடினாலே அவர் அடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், ஆகவே துறையில் கட்டியிருக்கும் நாட்களில்தான் சாப்பாடு ருசி. இந்தக் கோடைக்கு இதுவரை இரண்டே இரண்டு பேர்தான் படகு பேசியிருக்கிறார்கள். உன் பக்கத்து ஆட்கள் யாராவது வாடகைக்குப் படகு எடுத்து ஊர் சுற்ற ஆசைப்பட்டால் என் பெயரைச் சொல்லேன்.

நீ கப்பலேறி இருபத்தாறு வருஷம் ஆகிறது. முதலில் பணமில்லை என்றாய், பிறகு கடை என்றாய், இப்போது முதுகு என்கிறாய். ஒன்று மட்டும் கேட்கிறேன், எங்கள் மேல் ஏதாவது கோபமா? கோபமென்றால் வந்து கத்து. சண்டை போட்டாவது தீர்த்துக்கொள்ளலாம்.

அண்ணிக்கு என் முத்தங்கள்.
அஸ்பா

*

மெல்பர்ன், 9 மார்ச் 1984

என் அருமைத் தங்கை அஸ்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் ஆரோக்கியமே, என் முதுகைக் கணக்கில் சேர்க்காவிட்டால். கோபமா? உன் மேல் எனக்கென்ன கோபம்? கடையை யாரிடம் விட்டுவிட்டு வருவேன் சொல்.

ஒரு சின்னச் சிக்கல். நீ அனுப்பிய படகு காலண்டரை நோரீன் கடைச் சுவரில் மாட்டினாள். எங்கள் பேட்டை கிரிக்கெட் கிளப்பில் டக் என்று ஒருவன், குழாய் ரிப்பேர் வேலை. அவன் தினம் அதன் அடியில் நின்றுதான் பால் குடிப்பான். இப்போது அவனும் இன்னும் ஐந்து பேரும் ஜூன் மாதத்துக்கு உன் படகையே பேசியிருக்கிறார்களாம். நான் தூண்டவில்லை என்பதை நீ நம்ப வேண்டும்.

அவர்களை எங்கே கூட்டிப்போவது என்று நானே சொல்கிறேன். முதலில் விடோத் தீவில் குளியல். பிறகு பழைய கோட்டை அடியில் நங்கூரம் போட்டு இரவுச் சாப்பாடு, மெனெலாஸ் அந்தக் காரமான மீன் குழம்பு வைக்கட்டும். மறுநாள் எலித் தீவு. அதற்கு மறுநாள் மலைமேல் மாளிகை, ஏறவே அரை நாளாகும். பாக்ஸோஸ் தீவுக்குப் போய் நாலைந்து நாள் இருங்கள், அங்கே குகைகள் நிறைய. ஊருக்குள் அதிகம் வேண்டாம். முக்கியமாக, கிரிக்கெட் ஆடும் சதுக்கம் பக்கம் போகவே வேண்டாம். அங்கே புழுதி ஜாஸ்தி, டக்குக்கு நெஞ்சு லேசு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன் ஃபோட்டிஸ்

*

கோர்ஃபூ, 2 ஏப்ரல் 1984

அன்புள்ள அண்ணா,

நலம். நீங்களும் அப்படியே இருக்க நம் புனிதர் ஸ்பிரிடோன் துணை.

உன் நெஞ்சு லேசான டக் எனக்கும் கடிதம் போட்டிருக்கிறார், கூடவே ஆறு பேரும் சேர்ந்து எடுத்த படம். மனுஷன் கதவு மாதிரி இருக்கிறார். "நாங்கள் வருவதே அந்தச் சதுக்கத்தைப் பார்க்கத்தான், மட்டைகளோடு வருகிறோம்" என்று எழுதியிருக்கிறார். குகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சதுக்கத்தோரம் காப்பிக்கடை வைத்திருக்கும் அலெக்கோஸ்தான் இப்போது அம்பயரும். அவரிடம் சொல்லி ஒரு சிநேக ஆட்டம் ஏற்பாடு செய்யட்டுமா? உன் ஆட்கள் என்றால் சந்தோஷப்படுவார்.

அஸ்பா

*

மெல்பர்ன், 24 ஏப்ரல் 1984

அன்புத் தங்கைக்கு,

ஈஸ்டர் நல்லபடியாகக் கழிந்திருக்கும் என்று நம்புகிறேன். நோரீன் சிவப்பு முட்டை செய்தாள், சாயம் அவள் கையில்தான் அதிகம் ஏறியது.

அலெக்கோஸிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவனுக்கு வாய் நீளம். அவனை இவர்கள் சந்திக்காமலே இருந்தால் எல்லாருக்கும் நல்லது. வேறு என்ன செய்யலாம் என்று யோசித்தேன். கும்குவாட் பழச் சாராயம் காய்ச்சும் இடத்துக்குக் கூட்டிப்போ, பாதிப் பேர் அன்று எழுந்திருக்க மாட்டார்கள். அல்பேனியக் கரையைத் தூரத்திலிருந்து காட்டு. சதுக்கத்தில் ஆட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படியாவது நடுக்கடலில் இரு. எஞ்சின் பழுது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

யாராவது என்னைப் பற்றிப் பேச்செடுத்தால், அவன் சின்ன வயதிலேயே போய்விட்டான், சரியாக ஞாபகமில்லை என்று சொல்லிவிடு. காரணம் கேட்காதே.

ஃபோட்டிஸ்

*

கலிரோய் படகிலிருந்து, சனிக்கிழமை, 9 ஜூன் 1984

அண்ணா,

நாங்கள் ஆறு விருந்தாளிகளோடும் சௌக்கியம். தங்கமான மனுஷர்கள். பாத்திரம் கழுவ அடித்துக்கொள்கிறார்கள், மெனெலாஸுக்கு வேலையே இல்லை.

நீ சொன்னபடி விடோ, கோட்டை, எலித் தீவு, மாளிகை எல்லாம் ஆயிற்று. சாராயம் காய்ச்சும் இடத்தில் ஆறு பேரும் குடித்துவிட்டு ஜம்மென்று நடந்து வந்தார்கள். எழுந்திருக்காமல் கிடந்தது மெனெலாஸ்தான்.

நேற்று மாலை பாய் ஏற்றி வந்துகொண்டிருந்தோம். டக் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் அணிக்கு எதிராக இந்த ஊர் ஆடியதாம். கேப்டன் ஃபோட்டிஸாம். கடைசி ஓவரில் அவன் அடித்த பந்து சதுக்கத்தோரத்து வளைவுத் தாழ்வாரக் கடைகளுக்குள் பாய்ந்து காப்பிக்கடைச் சுவர்க் கண்ணாடியை உடைத்ததாம். உடைந்த கண்ணாடியை அந்தக் கடையில் இன்றுவரை மாற்றவில்லையாம். "உங்க அண்ணன் இந்தக் கதையச் சொல்லித்தாங்க எங்க கிளப்புல பசங்களுக்கு ஆட்டமே கத்துக்குடுக்கிறாரு. அந்தக் கண்ணாடியில ஒருதடவ மொகம் பாத்துட்டா எங்களுக்குப் போதும்" என்றார்.

நான் சுக்கானைப் பிடித்துப் படகை ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஃபோட்டிஸ் அந்தக் கடைக்கு இஞ்சி சோடாப் பெட்டி தூக்கியவன். ஒரே ஒரு தடவை ஆள் குறைந்ததென்று மட்டையைக் கொடுத்தார்கள், பந்து வரும்போது இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு நின்றான். டக் சொல்லும் ஃபோட்டிஸ் யார் அண்ணா?

நாளை ஞாயிறு. எஞ்சின் பழுதென்றேன். உடனே டக் கீழே இறங்கி, கால் மணியில் சரி செய்ததாகச் சொல்லிவிட்டு வந்தார், பழுதே இல்லாத எஞ்சினை. காலையில் சதுக்கத்துக்குப் போகிறார்கள். உன் பதில் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அஸ்பசியா

*

மெல்பர்ன், 22 ஜூன் 1984

அன்புள்ள அஸ்பா,

இங்கே குளிர்காலம். நோரீனுக்குச் சளி, எனக்கு முதுகு. பால் விலை ஏறிவிட்டது. சிறுநீரகக் கல் இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்பட்டார், இல்லையாம்.

டக் நாளை மறுநாள் வருகிறான். நான் நோரீனின் அக்கா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருக்கலாமென்று பார்க்கிறேன். அந்த ஊர்க் காற்று எனக்கு ஒத்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே மழை பெய்ததா?

ஃபோட்டிஸ்

*

கோர்ஃபூ, 10 ஜூலை 1984

என் அண்ணனுக்கு,

எங்களுக்கு ஒரு குறையுமில்லை. அண்ணியின் சளிக்கு மலைத்தேன் அனுப்பியிருக்கிறேன், உன் முதுகுக்கு அனுப்ப எதுவுமில்லை.

மழை பெய்யவில்லை. ஜூனில் இங்கே எப்போது பெய்திருக்கிறது? அன்று காலை வெங்காயம் வாங்கப் போன வழியில் அலெக்கோஸிடம் ஒரு வார்த்தை சொன்னேன். ஒரே ஒரு வார்த்தைதான். நம் ஊரைத்தான் தெரியுமே, நான் வெங்காயத்தோடு திரும்புவதற்குள் சதுக்கம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

டக்கும் மற்றவர்களும் வந்து உன் பெயரைச் சொன்னதும் அலெக்கோஸ் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். கடைக்குள் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். உடைந்த கண்ணாடி தொங்கியது. அதற்குள் மருந்துக்கடைக்காரர் வந்தார். இன்னொரு பந்து கோட்டை அகழியில் விழுந்தது, கடற்படைத் தளபதியே சல்யூட் அடித்தார் என்றார். புகையிலைக்கடை எவ்தோக்கியா அந்தத் தெருப் பெண்கள் பாதிப் பேர் உனக்காக ஏங்கினார்கள் என்றாள், தன்னையும் சேர்த்துக்கொண்டாள். ஒவ்வொருவரும் வாயைத் திறக்குமுன் மெதுவாகத் திரும்பி, புனிதரின் கோயில் மணிக்கூண்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்கள். வெயில் கண்ணில் படுகிறதாக்கும் என்று டக் நினைத்து அவரும் திரும்பி நின்றார். கண்ணாடி முன்னால் போனதும் மனுஷன் அழுதேவிட்டார்.

மட்டைகளை எடுத்து நம்மவர்களோடு இரண்டு மணி நேரம் ஆடினார்கள். யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதே, இரண்டு பக்கமும் இஞ்சி சோடா குடித்துவிட்டுத் தாங்கள்தான் என்றார்கள்.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. செப்டம்பர் பதினாறாம் தேதி ஒரு மரியாதை ஆட்டம், முதலில் மட்டை பிடிக்க நீ வர வேண்டும் என்று. யாருக்கு முதலில் தோன்றியதோ எனக்குத் தெரியாது, நான் வாயே திறக்கவில்லை. நீ திரும்பும்வரை உன் கடையைத் தாங்கள் மாறி மாறிப் பார்த்துக்கொள்வதாக டக் எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தார்.

கோபப்படாதே.
உன் அஸ்பா

*

மெல்பர்ன், 28 ஜூலை 1984

அஸ்பசியா,

உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, மானம்தான் போகப்போகிறது.

கிளப்பில் விருந்து வைத்துவிட்டார்கள். என் பெயர் பொறித்த மட்டை ஒன்றை மேடையில் கொடுத்து, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். தொண்டை கட்டிவிட்டது என்று ஜாடை காட்டினேன். அதை ஆனந்தத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்து அரங்கமே எழுந்து கைதட்டியது. டக் இப்போதே கடையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு பழகுகிறான். ரொட்டியெல்லாம் அடுக்கு மாறிக் கிடக்கிறது.

நோரீன் பெட்டி கட்டிவிட்டாள். "கல்யாணமானதுலேர்ந்து உங்க ஊரப் பாக்கணும்னு கேக்கறேன். இப்ப ஊரே கூப்பிடுது, இதுக்கும் முதுகா?" என்கிறாள். எவ்தோக்கியா யார் என்றும் கேட்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்ல?

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஆட்டம் ரத்து என்று ஒரு தந்தி அடி. மைதானத்தில் வெள்ளம், அம்பயருக்கு அம்மை, எதையாவது போடு. அந்தச் சதுக்கத்தில் இருநூறு பேர் முன்னால் நான் எப்படிப் போய் நிற்பேன்? உனக்குத் தெரியாதா?

ஃபோட்டிஸ்

*

கோர்ஃபூ, 18 ஆகஸ்ட் 1984

அன்பு அண்ணா,

சுகமாக இருக்கிறோம். போன வாரம் புனிதரைப் பல்லக்கில் ஊர்வலம் கொண்டுபோனார்கள். மூன்று வாத்தியக் கோஷ்டிகளும் ஒரே தெருவில் மாட்டிக்கொண்டு, யார் வாசித்தது எந்தப் பாட்டு என்றே தெரியவில்லை.

தந்தி அடிக்கத்தான் போனேன். வரிசை நீளம். மறுநாள் போனால் ஊர்வல விடுமுறை. அப்புறம் படகு வேலை. இனிமேல் அடித்தும் பிரயோஜனமில்லை, நீ டிக்கெட் எடுத்துவிட்டாய் என்று அண்ணி எனக்கு எழுதிவிட்டாள்.

ஒரு வருத்தமான சேதி. செப்டம்பர் பதிமூன்றாம் தேதி ஒரு டச்சுக்காரத் தம்பதியைப் பாக்ஸோஸுக்குக் கூட்டிப்போவதாக ஜனவரியிலேயே வாக்குக் கொடுத்திருக்கிறேன், மாற்ற முடியாது. ஆட்டத்துக்கு முந்தின இரவு திரும்பிவிடுவேன், காற்று விட்டால். சாவி அலெக்கோஸிடம். மாடி அறையில் உங்களுக்குப் படுக்கை போட்டிருக்கிறேன்.

அந்தப் படுக்கையைப் போடும்போது எனக்குக் கை ஓடவில்லை அண்ணா. ஒவ்வொரு கோடையும் அந்த மெத்தையை வெயிலில் உலர்த்தி மறுபடி சுருட்டி வைத்திருக்கிறேன். இந்தத் தடவையும் சுருட்ட வைத்துவிடாதே. நீ ரன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எனக்கு ஒன்றுதான்.

அஸ்பா

*

கோர்ஃபூ, உன் சமையலறை மேசை, ஞாயிறு மாலை, 16 செப்டம்பர் 1984

அஸ்பா,

இதை நாளைக் காலைக் கப்பலில் பாக்ஸோஸுக்குக் கொடுத்தனுப்புகிறேன். வடமேற்குக் காற்றில் நீ காயோஸ் துறையில் மாட்டிக்கொண்டிருப்பதாக மெனெலாஸ் தொலைபேசியில் சொன்னார். அவர் குரலைக் கேட்டால் அலை எவ்வளவு உயரம் என்று தெரிந்துபோகிறது. நீ பத்திரம்தானே? எனக்கும் நோரீனுக்கும் சுகத்துக்குக் குறைவில்லை. எவ்தோக்கியாவும் அவளும் தோழிகளாகிவிட்டார்கள், எனக்கு அதுதான் பயம்.

ஆட்டம் நடந்தது. வளைவுக்கடைகள் முழுக்க ஜனம். நாற்காலிகளின் மேலெல்லாம் நின்றார்கள். வாத்தியக் கோஷ்டி வாசித்தது. வெள்ளை உடையில், என் பெயர் பொறித்த மட்டையோடு நடந்து போய் நின்றேன். முதல் பந்து வந்தது. நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். கண்ணைத் திறந்து பார்த்தால் நடு ஸ்டம்ப் தரையில் கிடக்கிறது.

அலெக்கோஸ் "நோ பால்" என்றான். பந்து போட்டவன் கால் கோட்டைத் தாண்டிவிட்டதாம். இரண்டாவது பந்திலும் ஸ்டம்ப் போயிற்று. மைதானத்தில் நாய் வந்துவிட்டதாம், நோ பால். எங்கேயும் நாயைக் காணோம். மூன்றாவதிலும் போயிற்று. பந்து வரும்போது கோயில் மணி அடித்ததாம். பந்து போட்டவனும் தலையாட்டி ஒப்புக்கொண்டான். ஜனத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் அலெக்கோஸிடம் போய் மெதுவாகச் சொன்னேன்: "போதும்டா. அவுட் குடு. நானே எல்லாருக்கும் சொல்லிடறேன், நான் சோடாப் பெட்டி தூக்கினவன்னு."

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. மணிக்கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். "வாய மூடிட்டு நில்லு. உனக்காக ஊரே பொய் சொல்லியிருக்கு. இப்ப நீ ஒருத்தன் நல்லவனாயிட்டு எங்களயெல்லாம் பொய்யனாக்கப் பாக்கறியா? கண்ண மட்டும் தொறந்து வை, போ" என்றான்.

திறந்து வைத்தேன், அஸ்பா. பந்து எவ்வளவு மெதுவாக வருகிறது தெரியுமா? இந்த வயது வரை எனக்குத் தெரியாது. மட்டையை நீட்டினேன், பட்டது. உருண்டு போய் ஒரு நாற்காலிக்கடியில் நின்றது. அதை எடுக்க ஓடிய மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். எனக்காக விழுந்தார்களா, வயதானதால் விழுந்தார்களா தெரியாது. நான் ஓடினேன். ஒரு ரன். எதிர்முனைக்காரரும் ஒரு ரன் ஓட, நான் சந்தித்த அடுத்த பந்தில் சுத்தமாகப் போல்டு. இந்தத் தடவை அலெக்கோஸ் விரலைத் தூக்கினான், நானும் தலைநிமிர்ந்து வெளியே வந்தேன். ஜனம் போட்ட சத்தம் காயோஸ் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். நோரீனிடம் இன்று சாயங்காலம் எல்லாம் சொன்னேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஒத்த ரன்னுக்கா இத்தன வருஷம் வராம இருந்தீங்க?" என்றாள். மூன்று நாளைக்குச் சிரிப்பாள் போலிருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் கடைக்குள் போய் அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். அப்போது கண்டுகொள்ளவில்லை. உன் வீட்டுக்கு வந்து கைகழுவிவிட்டுத் தலைவாரத் திரும்பினால், கூடத்துச் சுவரில் கண்ணாடி அளவுக்கு வெள்ளையாக ஒரு கட்டம், மேலே ஆணி மட்டும். அலெக்கோஸைப் பிடித்து உலுக்கினேன். சொல்லிவிட்டான். வெங்காயம் வாங்கப் போனவள் கையில் கண்ணாடியோடு வந்தாயாம். துணியில் சுற்றி உடைத்து, நீயே ஆணியடித்து மாட்டினாயாம். மரியாதை ஆட்டம் என்று டக்கின் காதில் போட்டதும் நீதானாம்.

உன் கல்யாணச் சீர் அது. ஏன் உடைத்தாய்?

நோரீன் டிக்கெட்டை மாற்றச் சொல்கிறாள். ஆலிவ் அறுப்பு முடியும் வரை இருக்கலாமென்று டக்குக்கு நாளை தந்தி அடிக்கிறேன். நேற்று எட்டிப் பார்த்தேன், இங்கே தபால் நிலையத்தில் வரிசையே இல்லை.

ஃபோட்டிஸ்

*

காயோஸ், பாக்ஸோஸ், திங்கள் பிற்பகல், 17 செப்டம்பர் 1984

அண்ணா,

திரும்பும் கப்பல் சங்கு ஊதுகிறது, அவசரமாக எழுதுகிறேன். நாங்கள் நான்கு பேரும் பத்திரம். மெனெலாஸ் தரையில் கால் வைத்ததும் பழைய மனுஷராகிவிட்டார்.

ஏன் உடைத்தாய் என்கிறாய். இத்தனை வருஷமும் நான் செய்த எதற்கோ கோபித்துக்கொண்டுதான் நீ வரவில்லை என்று நினைத்திருந்தேன். அம்மா சாகும்போதும் அப்படியே நினைத்துக்கொண்டு போனாள். டக் கதையைச் சொன்ன அன்றுதான், நீ அங்கே சொன்ன கதை இங்கே உடைந்துபோகுமே என்ற வெறும் வெட்கம்தான் உனக்கு என்று புரிந்தது. சுக்கானைப் பிடித்துக்கொண்டே அழுதேன், கண்ணில் உப்புத்தண்ணீர் பட்டுவிட்டதென்று அவரிடம் சொன்னேன். வெட்கத்தோடு வா என்றால் நீ வர மாட்டாய். அதனால் ஊரையே உன் பக்கம் நிற்க வைத்தேன். ஒரு கண்ணாடி போனால் போகட்டும்.

காற்று இறங்கிவிட்டது. நாளை மதியம் பழைய துறைமுகத்துக்கு வந்துவிடுவேன். படகைத் துறையோடு அணைக்கும்போது கயிற்றை வீசுவேன், கரையில் எவர் நிற்கிறாரோ அவர் பிடித்துக் கட்டுவார். இத்தனை வருஷமும் யார் யாரோ முகம் தெரியாதவர்கள் பிடித்திருக்கிறார்கள்.

நாளைக்கு நீ வந்து பிடி.

உன் தங்கை
அஸ்பசியா